அரை மில்லிமீட்டர் அலை

ஜெல் குளிர்ந்திருக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன். மற்றவர்களிடம் மறக்காமல் சொல்வேன், கொஞ்சம் சில்லென்று இருக்கும்மா, மூச்சை இழுத்து விடுங்க என்று, நாளெல்லாம் சொல்லிச் சொல்லி வாயிலேயே உட்கார்ந்துவிட்ட வாக்கியம், இன்றைக்கு என் அண்ணன் மனைவி வந்து படுத்ததும் எங்கே போனதோ, ரூபி மைனி வயிற்றை எக்கிக்கொண்டு, ஏட்டி எப்சி, ஐஸ் பெட்டிக்குள்ளயா வச்சிருந்த இத, என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்ததே ஆச்சரியம். காலையில் அவள் போனில் சொன்னது எனக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்திரிச்சதும் துணியில லேசா ரத்தம் பட்டிருந்துச்சு எப்சி, ஒண்ணும் இல்லதான், உங்க அண்ணன் பயப்படுதாவ, அதான் சும்மா வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போறோம். சும்மா. பாளையங்கோட்டையில் எத்தனை ஸ்கேன் சென்டர் இருக்கிறது, எங்கேயாவது போகச் சொல்லியிருக்கலாம், இங்கேயே மூத்த டாக்டர் மகாராஜன் சார் இருந்திருந்தால் அவரிடம் தள்ளிவிட்டிருப்பேன், அவர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார், சொந்தக்காரர்களைத் தொடக்கூடாது டாக்டர், கை பொய் சொல்லும் என்பார் அவர், கை பொய் சொல்லுமா கண் சொல்லுமா, நான் மைனியின் அடிவயிற்றில், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபை அழுத்திவிட்டேன், இனி யாரிடமும் தள்ள முடியாது. நர்ஸ் முத்துச்செல்வி விளக்கை அணைத்தாள். திரையின் சாம்பல் வெளிச்சத்தில் மைனியின் முகம் பாதி தெரிந்தது. எனக்கு முன்னால் இருக்கும் திரையை அவள் பார்க்க முடியாது, பார்க்க முடியாதபடிதான் திருப்பி வைத்திருக்கிறேன், அதையும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதுபோலச் செய்தேன்.

கருவைச் சுற்றிய பை தெரிகிறது. கறுப்பாக, ஒரு அவரை விதை போல. நல்லது, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அதற்குள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு துளி, அதுவும் நல்லது, அந்தத் துளிக்குள் ஒரு மினுக்கல் இருக்க வேண்டும், கண்ணிமைக்கிற மாதிரி, அதைவிட வேகமாக, அது எங்கே. புரோபைக் கொஞ்சம் சாய்த்தேன். எங்கே. மைனி பேசிக்கொண்டிருக்கிறாள், மேலப்பாளையத்தில் யாரோ மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்களாம், உப்பில் போட்டு வைத்திருக்கிறாளாம், உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன், மறந்துட்டு வந்துட்டோம் பாரு. உம் என்றேன். அவள் பேசும்போது வயிறு அசைகிறது, படமும் அசைகிறது, அந்த அசைவில் ஒரு கணம் துளி மினுக்கியது போலிருந்து எனக்கு நெஞ்சு எகிறியது, பிறகு அது அவள் குரலின் அசைவு என்று புரிந்தது. மைனி, ஒரு நிமிஷம் பேசாம இருங்க. சரி சரி. அவள் பேச்சை நிறுத்தினாள், துளியும் நின்றது. நின்றதா, தெரியவில்லையா. இரண்டும் வேறு. இரண்டும் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறது, கட்டி எடுத்த ஆபரேஷன், கர்ப்பப்பை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, தூரம் அதிகம், இவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் நான் ஒலியைக் குறைந்த அதிர்வெண்ணில்தான் அனுப்ப முடியும், மூன்றரை மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு முப்பத்தைந்து லட்சம் அதிர்வு, குறைந்தது என்று சொல்வதற்கே சிரிப்பு வர வேண்டும், காது கேட்கிற எந்தச் சத்தத்துக்கும் எட்டாத உயரம் அது, ஆனாலும் இந்த அறைக்குள் அதுதான் குறைந்தது. அதன் அலை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளம். அதைவிடச் சின்னதாக இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும். கருவுக்கு இந்த வயதில் இதயம் எவ்வளவு பெரிது, ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர், அதன் சுவர் ஒரு நூல். அரை மில்லிமீட்டர் அலையை வைத்துக்கொண்டு நூலைத் தடவுகிறேன். கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. ஆகவே தெரியாமல் இருக்கலாம். இருந்தும் தெரியாமல் இருக்கலாம்.

அலைநீளம் என்ற சொல்லை முதலில் எனக்கு வாசித்துக் காட்டியதே மைனிதான். பிளஸ் டூ படிக்கும்போது, அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அண்ணன் பதறியடித்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண், பி.காம். படித்தவள், இயற்பியலைத் தொட்டே பார்த்ததில்லை, நான் தரையில் படுத்துக்கொள்வேன், அவள் அருவாமனையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே, மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள், அதிர்வெண் என்றால் என்ன, அலைநீளம் என்றால் என்ன, இரண்டையும் பெருக்கினால் என்ன கிடைக்கும். ஒலியின் வேகம் மைனி. சரி. காற்றில் எவ்வளவு. முந்நூற்று நாற்பது மீட்டர். சரி. வேகம் மாறாதிருக்கையில் அதிர்வெண்ணைக் கூட்டினால். அலைநீளம் குறையும் மைனி. ஏன் குறையணும், அது பாட்டுக்கு இருந்தா என்ன, என்பாள் திடீரென்று, புத்தகத்தில் இல்லாத கேள்வி. வேகம்தான் மாறாதே மைனி, அது காத்தோட குணம், நாம என்ன பண்ணினாலும் காத்து அதே வேகத்துலதான் கொண்டுபோகும், ஒரு வினாடிக்குள்ள ஓடுற தூரம் அவ்வளவுதான், அதுக்குள்ள நூறு அலைய அடைச்சா ஒவ்வொண்ணும் நீளமா இருக்கும், ஆயிரத்த அடைச்சா குட்டையாத்தான் இருக்கும். ஓஹோ, அப்ப பஸ்ஸுல ஆள ஏத்துற மாதிரி, என்று சொல்லிவிட்டு அடுத்த மூடியை எடுப்பாள். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அண்ணனைவிட அவள்தான் அதிகம் அழுதாள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வேண்டி எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, மதுரை, வேலூர், திருவனந்தபுரம், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, உங்க அண்ணன் முகத்தப் பாக்கத்தான் கஷ்டமா இருக்கு எப்சி என்பாள், தன்னைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நாற்பது தாண்டிய பிறகு விட்டுவிட்டார்கள். விட்ட பிறகு, ஒரு மருந்தும் இல்லாமல், இது.

என்ன எப்சி, பேச்சையே காணோம். ஒண்ணுமில்ல மைனி, பை நல்லா தெரியுது, குழந்தைய சரியா பாக்கணும், தழும்பு மறைக்குது. குழந்தை என்று ஏன் சொன்னேன். துளி என்று சொல்லியிருக்க முடியாது, கரு என்று சொல்லியிருக்கலாம், மற்றவர்களிடம் என்ன சொல்வேன், நினைவில்லை. மறுபடி தேடினேன், மேலிருந்து, பக்கத்திலிருந்து, அழுத்தி, அழுத்தத்தைக் குறைத்து. என் நெஞ்சு அடிப்பது கழுத்தில் தெரிகிறது, விரல் நுனியிலும் தெரிகிறது, புரோபைப் பிடித்த விரல் துடித்தால் படமும் துடிக்குமோ, என் துடிப்பை அதனுடையது என்று எண்ணிவிடுவேனோ என்று ஒரு பைத்தியக்கார பயம். குளிர்சாதனம் உறுமுகிறது. வெளியே அண்ணனின் குரல் கேட்கிறது, வரவேற்பில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான், எதிரே பேசுபவரின் குரல் கதவைத் தாண்டி வரவில்லை, அண்ணன் குரல் மட்டும் வருகிறது, சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற ஆள், அவன் குரலுக்குக் கதவும் சுவரும் ஒரு பொருட்டில்லை, ஆனால் சொற்கள் தெரியாது, ஒரு முழக்கம்தான் வரும். கீழ்ச்சத்தம் எல்லாம் அப்படித்தான், அலை நீளமாக இருக்கும், எதையும் துளைத்துப் போகும், என்னவென்று மட்டும் சொல்லாது. மேல்சத்தம் எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லும், இரண்டடி போவதற்குள் செத்துவிடும். இரண்டும் வேண்டும் என்றால் கிடையாது. மைனியின் உடம்புக்குள் ஒலி ஓடும் வேகத்தை நான் மாற்ற முடியாது, வினாடிக்கு ஆயிரத்தைந்நூற்று நாற்பது மீட்டர் என்று மிஷின் வைத்துக்கொண்டிருக்கிறது, ராஜா உடம்பானாலும் ஏழை உடம்பானாலும் அதே கணக்கு, என்னால் முடிந்ததெல்லாம் அதிர்வெண்ணைத் திருகுவது, திருகினால் அலை குட்டையாகும், குட்டையானால் தெளியும், தெளிந்தால் ஆழம் போகாது. ஆழத்தைவிட்டுத் தெளிவு வேண்டுமென்றால் பக்கத்தில் போக வேண்டும். அதற்கு வேறு புரோப் இருக்கிறது, இடது பக்கம் மாட்டியிருக்கிறது, மெலிந்தது, உள்ளே வைத்துப் பார்ப்பது, அதன் அலை இதில் பாதி நீளம்கூட இருக்காது. அதை எடுத்தால் சந்தேகம் என்ற சொல்லுக்கு இடமே இருக்காது. ஆகவேதான் எடுக்காமல் இருக்கிறேன். இது என்ன டாக்டர்த்தனம். வேறு ஒருத்தி படுத்திருந்தால் இந்நேரம் எடுத்திருப்பேன், அம்மா பாத்ரூம் போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். மங்கலாக இருக்கிற வரைக்கும் அது உயிரோடு இருக்கிறது, அப்படித்தானே நினைக்கிறேன், மங்கலாக வைத்திருப்பதே நான் அதற்குச் செய்கிற உபகாரம் மாதிரி.

மைனி, உள்ள வச்சுப் பாத்தாத்தான் நல்லாத் தெரியும், பாத்ரூம் போயிட்டு வந்துருங்க. அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். கதவருகே போய்த் திரும்பி, அதிர்வெண் கூடுனா அலைநீளம் குறையும், சரியா, என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன மைனி. இல்ல, இந்த மிஷின் சத்தத்தாலதான் பாக்குதுன்னு சொன்னேல்ல, முன்னால ஒரு தடவ, அதான் படுத்திருந்தப்ப அந்தப் பாடம் ஞாபகம் வந்துச்சு, இவ்வளவு வருஷம் கழிச்சும் மறக்கல பாரு, என்று சிரித்துக்கொண்டே முத்துச்செல்வியோடு போனாள். நான் மட்டும் இருந்தேன். திரையில் கடைசியாக நின்ற படம், கறுப்பு விதை, ஓரத்தில் துளி. புரோபைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். கதவு திறந்தது, அண்ணன், செல்வின் அண்ணன், தலையை மட்டும் நீட்டினான், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, சின்ன வயதில் என் அறைக்கு வரும்போதும் அப்படித்தான். என்னட்டி, முடிஞ்சுதா. இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் பாக்கணும். எல்லாம் சரிதானே. பாத்துட்டுச் சொல்லுதேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் மிஷினின் குமிழைப் பார்த்தேன். அவ ராத்திரி பூரா தூங்கல, என்றான், ரத்தம் பட்டதுக்கு முன்னாலயே தூங்கல, எந்திரிச்சு உக்காந்து உக்காந்து வயித்தத் தடவிப் பாக்கா, நான் கேட்டா ஒண்ணுமில்லங்கா. பிறகு, நான் ஜெபம் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன், என்று சொன்னான், அதை எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சொன்னான், கதவை மெதுவாகச் சாத்தினான். பாத்துட்டுச் சொல்லுதேன். என்ன அருமையான வாக்கியம், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், பார்க்காமல் சொல்ல முடியாது என்பதால் சரி, பார்த்த பிறகு சொல்ல முடியுமா என்று யாரும் கேட்டதில்லை. ஒருவேளை மகாராஜன் சார் வரட்டும் என்று சொல்லிவிடலாமா. நாளைக்கு வாங்க மைனி, மிஷின்ல ஏதோ கோளாறு. நாளைக்குள் என்ன ஆகிவிடும். நாளைக்கும் இதே உடம்பு, இதே வேகம்.

அவள் வந்து படுத்தாள். முத்துச்செல்வி வெள்ளைத் துணியை இடுப்பின் மேல் போர்த்தினாள். இந்த முறை சில்லென்று இருக்கும் மைனி என்று மறக்காமல் சொன்னேன். இருக்கட்டும் என்றாள். ஏழரை மெகாஹெர்ட்ஸ். திரை ஒரு கணம் புழுதியாக இருந்தது, பிறகு கண்ணாடியைக் கழுவித் துடைத்த மாதிரி எல்லாம் பக்கத்தில் வந்தது, பையின் சுவர் வரிவரியாக, உள்ளே மெல்லிய வளையம், அதன் பக்கத்தில் துளி, இப்போது அது துளி இல்லை, தலைப்பக்கம் எது கால்பக்கம் எது என்று தெரிகிறது, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குட்டை, அதைப் பிறகு பார்க்கலாம், நடுவில், நடுவில் பார், எப்சி, நடுவில் பார். மினுக்கியது. மைனியும் பேசவில்லை, என் கையும் அசையவில்லை. மறுபடி மினுக்கியது. இருக்கிறது. இருக்கிறது, மைனி, இருக்கிறது என்று கத்த வாய் திறந்துவிட்டது, திறந்த வாயோடு இன்னும் கொஞ்சம் பார்த்தேன், பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. மினுக்கலுக்கும் மினுக்கலுக்கும் நடுவில் நான் காத்திருக்கிறேன். காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் அது காத்திருக்க விடாது, எண்ண முடியாதபடி அடிக்கும், தையல் மிஷின் ஊசி போல. ஒரு கோட்டை அதன்மேல் வைத்துத் திரையின் கீழ்ப்பாதியில் ஓடவிட்டேன், துடிப்பு அலை அலையாக இடமிருந்து வலம் எழுதிக்கொண்டு போனது, அழகான அலைகள், ஒழுங்கானவை, தள்ளித் தள்ளி நிற்பவை. திரை ஓடுகிற வேகம் மாறாதது. மாறாத வேகத்தில் அலைகள் இவ்வளவு தள்ளி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு உச்சிகளில் புள்ளி வைத்தேன், மிஷின் நிமிஷத்துக்கு எண்பது என்றது. நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டும். புள்ளியைச் சரியாக வைக்கவில்லை என்று அழித்துவிட்டு வேறு இரண்டு உச்சிகளில் வைத்தேன், எண்பத்திரண்டு. இன்னொரு முறை வைத்தேன். எழுபத்தெட்டு. மிஷின் வேண்டுமானால் பழுதாக இருக்கலாமே என்று ஒரு எண்ணம் வந்து, வந்த வேகத்திலேயே வெட்கப்பட்டுப் போனது.

துடிப்பு இருக்கு என்று சொன்னால் போதும். பொய் இல்லை. அண்ணன் உள்ளே வருவான், முழங்காலிடுவான், இவள் அழுவாள், சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், மீதியை அடுத்த வாரம் வேறு யாராவது சொல்வார்கள், மகாராஜன் சார் சொல்வார், கை பொய் சொல்லாத ஆள். அந்த ஒரு வாரத்தில் மைனி தொட்டில் துணி தைப்பாள். தைக்கட்டுமே. தைத்த பிறகு. இல்லை, ரத்தம் மறுபடி வந்தால், ராத்திரியில் வந்தால், எப்சி நல்லாருக்குன்னுதானே சொன்னா என்று அவள் உட்கார்ந்திருப்பாளே, அப்படி உட்கார்ந்திருப்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். எப்சி, என்றாள் மைனி, கூரையைப் பார்த்துக்கொண்டு, நீ என்னைக்கும் இவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்ல. துடிப்பு இருக்கு மைனி, என்றேன். அவள் கண்ணை மூடினாள். மூடிய இமைகளிலிருந்து காதுப்பக்கமாகத் தண்ணீர் வழிந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனா மெதுவா இருக்கு. அவள் கண்ணைத் திறக்கவில்லை. மெதுவான்னா. இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு மைனி. அப்படி இருந்தா என்ன ஆகும். நின்னு போயிரலாம். போயிரலாமா, போயிருமா. பெரும்பாலும் போயிரும், என்றேன், சில நேரம் ஏறி வாரதும் உண்டு, நான் பாத்திருக்கேன், ஆனா ரொம்பக் கொஞ்சம், ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் பாத்தாத்தான் தெரியும். நாம ஏதாவது செய்ய முடியுமா, ஊசி, மருந்து. இல்ல மைனி. நான் மாடிப்படி ஏறுனேன், போன வாரம் துணி காயப்போட. அதனால இல்ல மைனி, நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல, சத்தியமா இல்ல. முத்துச்செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்கிற பலகையை வாசிப்பவள் போல. மைனி சேலைத் தலைப்பை எடுத்து இரண்டு காதுகளையும் துடைத்துக்கொண்டாள், முகத்தைத் துடைக்கவில்லை. பிறகு கேட்டாள், இப்ப அடிக்குதுல்லா. அடிக்குது மைனி. இந்த நிமிஷம். இந்த நிமிஷம் அடிக்குது. சத்தம் கேக்க முடியுமா. வேண்டாம் மைனி, இந்த வயசுல சத்தம் போட்டுக் கேட்டா அந்த இடத்துல சூடு ஏறும், நாங்க போடறதில்ல. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன், நின்றுவிடப் போகிறது என்று இப்போதுதான் சொன்னேன், அதற்குச் சூடு ஆகாது என்று பார்த்துக்கொள்கிறேன். அவள் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. ஆமா, சூடு வேண்டாம், என்றாள் உடனே. அப்ப காட்டு. பாக்கலாம்ல. உங்க அண்ணனக் கூப்பிடு.

முத்துச்செல்வி போய்க் கூப்பிட்டாள். நான் வலது கையை அசைக்காமல் இடது கையால் திரையைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன், அது கொஞ்சம் கிறீச்சிட்டது. அண்ணன் வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தான், என் முகத்தைப் பார்க்கத் திரும்பியவனின் மணிக்கட்டை மைனி பிடித்து இழுத்தாள். அவளப் பாக்காதீங்க, இங்க பாருங்க, அந்தக் கறுப்புக்குள்ள வெள்ளையா இருக்குல்லா, அதுக்கு நடுவுல, நல்லா உத்துப் பாருங்க. அவன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். எங்கட்டி. அங்கதான், அவசரப்படாதீங்க, பொறுத்துப் பாத்தா தெரியும். அவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை, நான் எத்தனை வருஷம் படித்துக் கண்டுபிடித்தது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அசையுதே, என்றான், அந்தப் பெரிய குரல் அவனிடமிருந்து எங்கேயோ போய்விட்டிருந்தது, ரூபி, அசையுது ரூபி. அவன் தோளுக்கு மேலே மைனி என்னைப் பார்த்தாள், தலையை மிக லேசாக ஆட்டினாள், இப்போது வேண்டாம் என்று. வீட்டுக்குப் போய் அவளே சொல்லுவாள், அல்லது வழியில் எங்காவது வண்டியை நிறுத்தச் சொல்லி. ஸ்கேனை நிறுத்த வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, தேவைக்கு மேல் ஒரு வினாடிகூட வைத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், என் கீழ் வேலை பார்ப்பவர்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் எப்சி, என்றாள் மைனி. தோளிலிருந்து மணிக்கட்டு வரை வலித்தது. கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.